யோசித்து நிற்கும் வண்டி

மாமனார் அன்போடு என் தலையில் கட்டிய 1985 மாடல் அம்பாசடருக்கு ஒரே ஒரு குறை. பிரேக் போட்டால் உடனே நிற்காது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

'டிரம் பிரேக்தானே, நாமே பார்த்துவிடலாம்' என்று ஞாயிறு காலை லுங்கியை மடித்துக் கட்டினேன். நல்லவேளை, டீ குடிக்க வந்த தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"எதை நம்பி சார் வண்டியைத் தூக்கியிருக்கீங்க?"

"ஜாக்கி..."

"ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு ஸ்டாண்டு. பின்பக்க டிரம்மைக் கழட்டணும்னா ஹேண்ட் பிரேக்கை விட்டாகணும். அப்ப வண்டியை யாரு பிடிச்சுக்குவா? முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க."

வைத்தேன். டிரம் அசையவில்லை. சுத்தியலை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டார். பழைய டிரம்மில் தேய்ந்த பள்ளத்துக்குள் ஷூ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்குமாம். அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் எழுந்து வழிவிட்டது.

உள்ளே ஒரே கறுப்புத் தூள். ஊதுவதற்கு வாயைக் குவித்தேன்.

"ஊதாதீங்க!" அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலில் குடியேறினால் இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட புற்றுநோயாகத் தலைகாட்டும். ஊதக் கூடாது, ஏர் அடிக்கக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்து, ஈரமாகவே துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும்.

"நாங்கல்லாம் ஏர் அடிச்சேதான் சார் சுத்தம் பண்ணினோம்" என்றார். சொல்லிவிட்டு இருமினார். நான் பேசாமல் இன்னொரு மாஸ்க்கை அவரிடம் நீட்டினேன்.

"ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிரிக்காதீங்க. எந்த ஸ்பிரிங் எங்கேன்னு சந்தேகம் வந்தா, பிரிக்காத பக்கம்தான் வாத்தியார்."

ஆனால், ஷூ மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். லைனிங்கில் கிரீஸ் படவே கூடாது.

"அப்பா, பெடலை மிதிக்கட்டுமா?" என்று கதவருகே வந்தான் மகன்.

"வேணாம்!" என்று இருவரும் கோரஸ் பாடினோம். டிரம் இல்லாதபோது மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். கூடவே பிரேக் ஆயிலும்.

எல்லாவற்றையும் மாட்டி, அட்ஜஸ்ட் செய்து, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்து, ஆளில்லாத தெருவில் நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். சொன்ன இடத்தில் நின்றது.

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பினோம். மனைவி கதவைத் திறந்தவள், ஏறவில்லை.

"நிக்குமாங்க?"

"நிக்கும்."

"அண்ணாச்சி பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

ஏறிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத் தாம்பத்யத்தில் என் வார்த்தைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்!