அரை வளையத்தில் ஓடும் அலுவலகங்கள்

ராயப்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றி, பீட்டர்ஸ் சாலை, ஒயிட்ஸ் சாலை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று விரியும் இந்த வட்டாரத்து அலுவலகங்களும் கிளினிக்குகளும்தான் என் பிழைப்பு. நெட்வொர்க் பராமரிப்பு வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், ஸ்விட்சுகளில் தூசி தட்டி, படிவம் நிரப்பி, அட்மின் மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். படிவத்தில் ஒரு வரி: ‘ஸ்விட்ச் இயங்குகிறதா? ஆம் / இல்லை.’ அந்த வரியோடுதான் எனக்குத் தகராறு.

இருநூறு பேர் வேலை பார்க்கும் ஒரு அலுவலகத்தில் நாலைந்து ஸ்விட்சுகளை ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, பின்பக்கம் தடித்த கேபிளால் கோத்து, ஒரே ஸ்விட்ச் போல ஓட்டுவார்கள். ஸ்டாக் என்று பெயர். 2003-ல் சிஸ்கோ தன் 3750 வகையோடு இதைக் கொண்டுவந்தது. ஒன்பது ஸ்விட்ச் வரை சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி முகவரி, ஒருவரே தலைவர். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு ஸ்டாக் போர்ட். மேலிருந்து கீழே வரிசையாக இணைத்து, கடைசி ஸ்விட்சிலிருந்து முதல் ஸ்விட்சுக்கு ஒரு கேபிள் போட்டால் வளையம் முழுசாகும். முழு வளையத்தின் வேகம் வினாடிக்கு 32 கிகாபிட். எங்காவது ஒரு கேபிள் விட்டுப்போனால் அது 16 ஆகிவிடும், தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போகும். பில்லிங் நிற்காது, பயோமெட்ரிக் நிற்காது. அதனால் யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

அபாயமே அதில்தான். பஞ்சரான டயருக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, மாட்டினதையே ஓனரிடம் சொல்லாமல் விட்ட டிரைவர் மாதிரி அந்த ஸ்டாக். இரண்டாவது இடத்திலும் கேபிள் போனால் அடுக்கு இரண்டாகப் பிளக்கும். பிளந்த ஒவ்வொரு பாதியும் தனக்கென ஒரு தலைவரை வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் அதே ஐபி முகவரி. மூன்றாம் மாடியில் நெட் இருக்கும், நாலாம் மாடியில் இருக்காது. பிரிண்டர் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. அந்த நாளில் எல்லோரும் முதலில் திட்டுவது இணைய இணைப்பு தரும் கம்பெனியைத்தான், அவர்கள் பாவம்.

நான் அதிகம் பார்த்தது அறுந்த கேபிள்கூட இல்லை, போடவே போடாத கேபிள். பெட்டியோடு பொதுவாக வருவது அரை மீட்டர் கேபிள். அடுக்கு உயரமானால், வளையத்தை மூடும் கடைசிக் கேபிளுக்கு ஒரு மீட்டராவது வேண்டும். அதைத் தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். ‘அப்புறம் வரும்’ என்று சொன்ன கேபிள் வருவதே இல்லை. சொத்துப் பதிவேட்டில் மட்டும் ‘ஸ்டாக்கிங் உண்டு’ என்று ஏறியிருக்கும். இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் ரேக் இருப்பது மாடிப்படிக்கு அடியில், முதுகு சுவரோடு ஒட்டி. கேபிள் நுனியின் இரண்டு திருகையும் கையால் முடுக்க வேண்டும். கை நுழைந்தால்தானே!

சரிபார்ப்பது அவ்வளவு கஷ்டமா? ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சம்மரி’ என்று ஒரு கட்டளை, ஒரு நிமிடம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி வரும். ‘ஓகே’ என்றால் கேபிளும் இருக்கிறது, எதிர்முனையும் உயிரோடு இருக்கிறது. ‘டவுன்’ என்றால் கேபிள் தெரிகிறது, ஆனால் எதிரில் ஆள் இல்லை, அல்லது போர்ட்டை யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். ‘ஆப்சென்ட்’ என்றால் கேபிளே இல்லை. என் கண் முதலில் போவது இதற்கும் அப்பால் உள்ள ஒரு எண்ணுக்கு: இணைப்பு எத்தனை முறை மாறியிருக்கிறது என்று காட்டும் பத்தி. எல்லாம் ‘ஓகே’ என்று இருக்கும்போதே ஒரு போர்ட்டில் மட்டும் அந்த எண் ஏறிக்கொண்டே போனால், திருகு தளர்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுவேன். ‘இயங்குகிறதா? ஆம்’ என்ற வரி இதை ஒருநாளும் காட்டாது.

கேபிள் போனால் கருவி சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும். போர்ட் டவுன் ஆனதை லாக்கில் ஒரு வரியாக எழுதும். பெரிய கம்பெனிகளில் கண்காணிப்பு மென்பொருள் அதைப் பிடித்து எஸ்.எம்.எஸ். அனுப்பும். அந்த மென்பொருள் இல்லாத இடத்தில், 3750 போன்ற பழைய ஸ்விட்சில் லாக்குக்கு ஒதுக்கியிருப்பது வெறும் 4096 பைட். நாலு பேர் லேப்டாப்பைச் செருகி எடுத்தால் பழைய வரி அழிந்துவிடும். கரண்ட் போய் வந்தால் மொத்தமும் காலி.

மாற்று வழி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதி பெரிய இடங்களையும் விட்டதில்லை. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை காலை 11.40-க்கு வர்த்தகத்தை நிறுத்தியது. திரும்பத் தொடங்கியது பிற்பகல் 3.45-க்கு. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் பல இணைப்புகள் வாங்கி வைத்திருந்தார்கள். சந்தையின் இரு தரவு மையங்களுக்கும் நடுவே சாலையில் நடந்த தோண்டும் வேலையால் இணைப்புகள் போனதாகவும், அதையொட்டித் தரவுச் சேமிப்புக் கருவி எதிர்பாராத விதமாக நடந்துகொண்டதாகவும் பிறகு விளக்கம் வந்தது. இங்கே மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டிக்கிடக்கும் சாலையில் தினமும் பைக் ஓட்டும் எனக்கு அந்த விளக்கத்தின் முதல் பாதி புதிதே இல்லை. இரண்டாம் பாதிதான் உறுத்தியது.

ஒரு மேனேஜர் சொன்னார், “ஓடிக்கிட்டிருக்கிறதை ஏன் சார் நோண்டுறீங்க?” நோயாளிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது எனக்கும் சம்மதமில்லை. ஆனால் நான் சொன்ன கட்டளை எதையும் தொடாது, படிக்க மட்டும் செய்யும். பிடுங்கிப் பார்ப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். புது ஸ்டாக் நிறுவி ஒப்படைக்கும்போதோ அது கட்டாயம் நடக்க வேண்டும், பணம் கொடுப்பவர் கண்முன்னே.

ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிற அட்மின் மேனேஜர்களுக்கு ஒரு யோசனை. அந்த ‘ஆம் / இல்லை’ வரியை அடித்துவிட்டு, எல்லா ஸ்டாக் போர்ட்டின் நிலையையும் தேதியோடு பிரிண்ட் எடுத்து இணைக்கச் சொல்லுங்கள். வரிகளில் எங்காவது ‘ஆப்சென்ட்’ இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பில் பாஸாக ஒரு வாரம் தள்ளும். தள்ளட்டும், அதற்குள் கேபிள் வந்துவிடும்.