விருந்து சுருங்கலாம், சாட்சி சுருங்கலாகாது

கொள்ளைநோய் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்தது. கலியாணத்துக்கு இன்றியமையாதது யாது என்னும் வினாவையும் நம்முன் வைத்துச் சென்றது. 2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. கட்டுநாயக்க விமான நிலையம் பயணிகளுக்குக் கதவடைத்தது. 2021 ஆகஸ்டில், மண்டபத்திலோ வீட்டிலோ திருமணக் கொண்டாட்டம் கூடாதென அரசு விலக்கியது. குறித்த முகூர்த்தங்கள் பல தவறின.

ஆயினும் மணங்கள் நின்றுவிடவில்லை. ஊர் முழுதையும் அழைக்க எண்ணியிருந்தோர், பெற்றாரும் உடன்பிறந்தாருமாய்ச் சிலரை வைத்துக் கூறையும் தாலியும் கொடுத்தனர். கடல் கடந்த உறவினர் கைப்பேசித் திரையில் வாழ்த்தினர். அறுகரிசி இடும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை.

இவ்வெளிமை தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றின் 86ஆம் பாட்டிற் காணும் மணத்திலே உழுத்தங்களியும், மணல் பரப்பிய பந்தரும், மணமகளை நீராட்டி வாழ்த்தும் மகளிர் நால்வருமே சிறப்பு. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் பதிவாளரையும் சாட்சிகள் இருவரையும் வேண்டுகிறதேயன்றி, மண்டபத்தையும் நிழற்படக்காரரையும் கேட்கவில்லை. காணியை ஈடுவைத்து நாம் இட்ட விருந்தெல்லாம் நம் பெருமைக்கேயன்றி மணத்துக்கன்று என்பதை நோய் காட்டிற்று. தடை நீங்கியதும் வேலணையிலும் அப்பாடத்தை மறந்தோம் என்பதே என் வருத்தம்.

எனினும், ஊர் கூடுதல் வீண் என முடிவுகட்டுதலும் தவறாகும். மணத்துக்கு வந்தோர் உண்டு சென்றவர் மாத்திரமல்லர். பின்னொரு நாள் பிணக்கு நேரின் இருவரையும் இருத்தி விசாரிக்கும் உரிமை பெற்றோர். ஊரடங்கிலே அவர்கள் வாசலுக்கு வர இயலவில்லை. உழைப்பற்று, ஒரு கூரையின்கீழ் வெறுப்பு வளர்ந்த வீடுகளிற் கேட்பாரில்லை. கணவன் வெளிநாட்டிலும் மனைவி ஊரிலுமாகப் பிரிந்திருந்த இடங்களில் ஐயம் வளர்ந்தது. சட்டமோ அந்நாளில், பிறர்மனை நயத்தல், வன்மத்துடன் கைவிடுதல், மணக்காலத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை என்னும் மூன்றையே மணநீக்கத்துக்குக் காரணமாகக் கொண்டிருந்தது. விமானம் இன்மையால் வாராதவன் கைவிட்டவன் ஆகான். அதனையே சாட்டாக்கி, காசும் அனுப்பாமல் ஒரு சொல்லும் அனுப்பாமல் இருந்தவனை என்னென்பது? வழக்கு மன்றேறுமுன் இவ்வேறுபாட்டை அறியவல்லார் உறவினரும் அயலாருமே.

ஆதலின், விருந்தைச் சுருக்குவோம், சாட்சியைச் சுருக்காதிருப்போம். கையொப்பமிட்ட இருவர், பேனாவை மூடியதோடு கடன் தீர்ந்ததென எண்ணலாகாது. பிணக்கென்று கேட்டதும் முதலிற் படியேற வேண்டியவர் அவரே. அடிபட்ட பெண்ணைப் "பொறுத்துப் போ" எனத் திருப்பியனுப்புதல் சமாதானமன்று. அவளுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. நீதவான் நீதிமன்றம்வரை அவளுக்குத் துணைசெல்லுதலும் சாட்சியின் கடமையே. மணமக்களுக்கு அறுகரிசி இட்ட கை, அவர் இடருற்ற நாளிலும் நீளவேண்டும்.