ரீசார்ஜ் தீர்ந்தா ரெக்கார்டிங்கும் போச்சு

உங்க வீட்டு செட்டாப் பாக்ஸில் ஒரு யூஎஸ்பி ஓட்டை இருக்கும். அதில் பென்டிரைவைச் செருகி ஏதாவது ரெக்கார்ட் செய்து, அதே பென்டிரைவை லேப்டாப்பில் போட்டுப் பாருங்க. படம் ஓடுச்சுன்னா நீங்க கொடுத்து வெச்சவங்க. ஓடலைன்னா மேல படிங்க.

எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர். எங்க மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கை அடிப்பவர். ஒருமுறை அவங்க குழு டிவியில் அரைமணி நேரம் வந்தது. மாசக் கட்டண பாக்ஸில் நான்தான் பதிவு செய்தேன். மறுவருஷம் மாமா தவறிட்டார். "அதைப் போடுல, ஒருதடவ பாத்துக்கிடுதேன்" என்றாள் ஆச்சி. ரீசார்ஜ் முடிந்திருந்தது, ஓடவில்லை. பணம் கட்டினதும் ஓடியது. பிறகு பாக்ஸ் பழுதாகி வேறு கொடுத்தார்கள். புதுப் பாக்ஸ் அந்தப் பென்டிரைவைத் திறக்கவே இல்லை. ஆச்சி அதை இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வெச்சிருக்கா.

காரணம் எளிது. ஃபைல் பென்டிரைவில் இருந்தாலும் அதை மறைகுறியாக்கிய சாவி பாக்ஸுக்குள் இருக்கு. பாக்ஸ் போனா சாவியும் போச்சு. அந்தக் காலத்து டெக்கில் பதிஞ்ச கேசட்டை எதிர்வீட்டு டெக்கிலும் போட்டுப் பார்க்கலாம். நாம முன்னேறிட்டோமாம்!

அதனால என் கட்சி இதுதான்: பதிவு செய்து வைக்கணும்னா மாசக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டு ஏர் பாக்ஸ் வாங்குங்க. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. இப்போ டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர், 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 வழியா வருது. டிஷ்ஷும் பாக்ஸும் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய், ஒரே தடவை. 2019-ல் டிராய் விதி வந்தபோது வெறும் இணைப்புக் கட்டணமே வரியோடு மாசம் 153 ரூபாய் 40 காசு. வருஷத்துக்கு 1,840. சேனல் விலை தனி.

குறையையும் சொல்லிடறேன். இதில் தமிழ் கம்மி. டிடி தமிழ் உண்டு, மத்தது பெரும்பாலும் இந்தி. சன், விஜய் சீரியல் இல்லைன்னா எங்க ஆச்சியே ஒத்துக்கமாட்டா. ஆகவே பழைய இணைப்பு இருக்கட்டும், இது இரண்டாவது பாக்ஸ்.

வாங்கும்போது நாலு நல்ல வார்த்தையை நம்பாதீங்க, லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போங்க. கடையிலேயே அஞ்சு நிமிஷம் பதிவு செய்து விஎல்சியில் ஓட்டிப் பாருங்க. பென்டிரைவ் ஃபேட்32-வில் இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. மணிக்கு ஒன்று, ஒன்றரை ஜிபி ஆகும்னா மூணு மணி நேரப் படம் வெட்டுப்படலாம், பாக்ஸே துண்டாகப் பிரிக்குதான்னு கேளுங்க. ஹார்ட் டிஸ்க் மாட்டுறதா இருந்தா தனி அடாப்டர் வேணும். யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியர் பல டிஸ்க்குகளுக்குப் பத்தாது. கரண்டு போனா பதிவும் போயிடும் என்பதால் சின்ன யூபிஎஸ் ஒண்ணு.

யூடியூப்ல எல்லாம் இருக்கேன்னு கேப்பீங்க. மாமாவோட அரைமணி நேரத்தை அங்கேயும் தேடிட்டேன், இல்லை.