அளவைத் தீர்மானிப்பது யார்?



பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவர்களுக்குக் கற்பிப்பவர்களும் பேசக் கூசும் பொருளொன்றை இன்று எழுதத் துணிகிறேன். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சையும், அதில் வைக்கப்படும் சிலிக்கோன் உள்வைப்பின் அளவும் பற்றியது அது. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இஃது எதற்கு என்று சிலர் வினவலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் நம்மிடம் பயின்ற பிள்ளைகள்தாம் பின்னாளில் கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். கையில் சம்பளம் இருக்கிறது. கைப்பேசியில் அழகு விளம்பரம் வருகிறது. கேட்டுத் தெளிய வீட்டில் ஆளில்லை. நாம் வாய்மூடி இருந்தால் விளம்பரம் பேசும்.

முன்னாள் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், முந்நூறு வைக்கலாமா, நானூறு வைக்கலாமா?" செய்துகொள்ளலாமா என்பதன்று அவள் கேள்வி, எவ்வளவு என்பதே. அந்தக் கேள்வியை இகழ்ந்து ஒதுக்காமல், அதற்கே விடை தேட வேண்டும் என்பது என் கருத்து.

உள்வைப்பின் அளவைச் சி.சி. கணக்கில், அதாவது மில்லிலிட்டரில், குறிப்பர். 300 சி.சி. என்பது எல்லாப் பெண்களிடமும் ஒரே தோற்றத்தைத் தராது. ஒடுங்கிய மார்புடையவளுக்குப் பெரிதாகத் தெரிவது, அகன்ற மார்புடையவளுக்குக் கண்ணில் படாமலே போகலாம். ஆகவே, தோழிக்கு வைத்த அளவோ நடிகையின் படமோ நமக்கு அளவுகோல் ஆகா. நம் வீடுகளில் பால்டின்னால் அரிசி அளப்பதைப் போல, அரிசியை அளந்து மெல்லிய பையில் கட்டி உள்ளாடைக்குள் வைத்துப் பார்ப்போரும் உண்டு. தோற்றத்தை ஓரளவு ஊகிக்க அது உதவும், முடிவுசெய்ய உதவாது.

தேர்ந்த அறுவை மருத்துவர் முதலில் மார்பகத்தின் அடி அகலத்தைச் சென்டிமீட்டரில் அளப்பார். தோல் எவ்வளவு இழுபடும், மேலே மூடும் சதை எவ்வளவு தடிப்பு என்பனவற்றையும் பார்ப்பார். அடி அகலத்தை மீறிய உள்வைப்பை வைத்தால் ஓரங்கள் வெளியே தெரியும்; இரு பக்கமும் நடுவில் ஒன்றுசேர்ந்துவிடக்கூடும். பாரம் மிகுந்தால் தோல் தளர்ந்து கீழிறங்கும்; மறு அறுவைக்கு வழி பிறக்கும். சுருங்கச் சொன்னால், உச்ச அளவை ஆசை வகுப்பதில்லை, உடல் வகுக்கிறது. அந்த வரம்புக்குள் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்பெண்ணுக்கே உரியது, காதலனுக்கன்று, கணவனுக்கன்று.

வரலாறோ வேறு விதமாகத் தொடங்கியது. 1962இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லின்ட்சி என்பவருக்கு முதல் சிலிக்கோன் உள்வைப்புப் பொருத்தப்பட்டது. அவர் மருத்துவமனைக்குச் சென்றது பச்சை குத்தியதை அகற்றத்தான். உள்வைப்பு யோசனை மருத்துவர்களுடையது. அவர் சரிசெய்ய விரும்பியதோ தம் காதுகளை!

அக்கரையில் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பகச் சீரமைப்பை இலவசமாக வழங்க முன்வந்தது. ஏழைப் பெண்கள் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ இதைத் தேடக்கூடாது என்பது அரசின் வாதம். தொற்றுநோய்களைக் கவனிக்க வேண்டிய பணம் அழகுக்குப் போவதா என்று எதிர்ப்பும் எழுந்தது. நான் அரசின் பக்கமே நிற்பேன். அங்குப் பெரிதாக்குவது மட்டுமன்று, சிறிதாக்குவதும் செய்யப்பட்டது. தோள்வலியால் வருந்துவோரும், இரு பக்கமும் ஒவ்வாத அளவால் மனம் நொந்தோரும் இருக்கிறார்கள். இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியுமா?

ஆயினும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

1. உள்வைப்பு வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் பொருளன்று. இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கி 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஆணையிட்டது. இருபது வயதில் வைத்துக்கொள்பவள் பின்னர் மீண்டும் அறுவைக்கு ஆளாகக்கூடும். அந்தச் செலவையும் இன்றே கணக்கிட வேண்டும்.

2. பெரிதாக்குவதற்கு அங்கு அனுமதிக்கப்பட்ட குறைந்த வயது, உப்புநீர் வகைக்கு 18. சிலிக்கோன் வகைக்கு 22. வளரும் உடலுக்கு அவசரம் வேண்டாம்.

3. பொருளின் பெயரும் எண்ணும் பொறித்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிரான்சின் பிப் நிறுவனம் தொழிற்சாலைத் தரச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. தாம் சுமப்பது எந்தப் பொருள் என்பதை அறிந்தவர்களால்தான் உடனே மருத்துவரை நாட முடியும்.

4. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டப்படி, அழகு நிலையமும் தங்கும் விடுதி அறையும் அறுவைக்கூடம் ஆகா. மருத்துவரின் பெயரைத் தேசியச் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் சரிபாருங்கள். எல்லை தாண்டி ஹாட்யாய் செல்வதானால், திரும்பியபின் புண் சீழ்பிடித்தால் யாரிடம் காட்டுவது என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

இவை அனைத்திற்கும் முன்னே நம் கடமை ஒன்று இருக்கிறது. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவியரின் உடலைப் பார்த்துப் பையன்கள் பட்டப்பெயர் சூட்டும்போது, 'விளையாட்டுத்தானே' என்று நாம் கடந்துபோகிறோம். "என்னடி, பலகை மாதிரி இருக்கே?" என்று கல்யாண வீட்டில் அத்தைமார் சிரிக்கும்போது தாயும் சேர்ந்து சிரிக்கிறாள். முந்நூறா நானூறா என்ற கேள்வி அங்கேதான் முளைவிடுகிறது. வகுப்பில் அந்தக் கேலியை அன்றே கண்டியுங்கள். வீட்டில் மகள் கேட்டால், வெட்கப்படாமல், ஏசாமல், உடன் அமர்ந்து பேசுங்கள். அவள் மருத்துவரைக் காணச் சென்றால் உடன் செல்லுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.