கத்தேல்லை எண்டால் எல்லாம் சரியா?

போன எபிசோட்டில் மானிட்டரிங் பற்றிக் கதைக்கேக்க, மாமாவின் போட் கதையைத் தொடங்கிப் பாதியில் விட்டிட்டன். மிச்சம் இங்கே.

போன கோடையில் சிம்கோ ஏரியில் மாமா, அவரின்ட இரண்டு பிள்ளைகள், நான். கரை நல்ல தூரம். அவுட்போர்டு மோட்டார் ஓடும்போது அதிலிருந்து ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை வெளியே பீச்சிக்கொண்டே இருக்கவேணும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சின்னவள்தான் கண்டாள்: "அப்பா, தண்ணி வரேல்லை."

மாமா உடனே நிப்பாட்டினார். மூடியைக் கழற்றினால் ஒரே சூடு. தண்ணீர் உள்ளே போகும் துவாரங்களைப் பாசி அடைச்சிருந்தது. அலாரமோ ஒரு சத்தமும் போடேல்லை. "உது கத்தேல்லை எண்டால் எல்லாம் சரியெண்டு நினைச்சன் தம்பி," என்றார் மாமா. காற்றும் எழும்பத் தொடங்கியிருந்தது. நல்ல காலம், இன்னொரு போட்காரர் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார்.

வீட்டில் வந்து பார்த்தால், வெப்பத்தைக் கவனிக்கும் சுவிட்சின் வயர் முனை பச்சை பூத்துக் கிடந்தது. பஸர் நல்லாத்தான் இருந்தது. சாவியை ஆன் பக்கம் திருப்பினால் லைட்டுகள் எரிந்து அணையும், பஸர் ஒருக்கா கீச்சிடும். அதையே டெஸ்ட் எண்டு நம்பியிருந்தம். ஆனால் அது பல்புக்கும் பஸருக்கும் மட்டுமான டெஸ்ட். சுவிட்சிலிருந்து வரும் பாதையை அது தொடவே இல்லை. எங்கட பாஷையில் சொன்னால், யூனிட் டெஸ்ட் பாஸ். எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் ஒருத்தரும் எழுதேல்லை.

மாமாவிடம் இருப்பது போன்ற பழைய மோட்டார்களில் முழு டெஸ்ட் சுலபம். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணி, சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடவேணும். பஸர் கத்தினால் வயர் சரி. சுவிட்சைத் தனியாகச் சூடாக்கி மல்டிமீட்டரால் பார்க்கலாம். கம்ப்யூட்டர் உள்ள புது மோட்டார்களில் மானுவலைப் பார்க்காமல் வயரில் கை வைக்காதேங்கோ.

இது போட்காரரின் பிரச்சினை மட்டும் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாபில் ஒரு எஞ்சினியர் தவறுதலாகப் பிரதான டேட்டாபேஸை அழித்தார். தினசரி பாக்கப் இருக்கும் எண்டு தேடினால், அது ஏற்கெனவே வேலை செய்யாமல் இருந்தது. பாக்கப் தோல்வி எண்டு சொல்லும் மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டு, ஒருத்தருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் சுமார் 6 மணி நேரத் தரவு போனது. அங்கேயும் அலாரம் இருந்தது, வயர்தான் அறுந்திருந்தது.

கொன்ட்ராக்ட் வேலைக்குப் புது இடம் போனால் நான் கேட்கிற முதல் கேள்வி: "இந்த அலர்ட் கடைசியாக எப்ப அடிச்சது?" பெருமையாகச் சொல்லுவினம்: "ஒருநாளும் இல்லை." சிஸ்டம் நல்லா இருக்கலாம், அலர்ட் செத்தும் போயிருக்கலாம். வித்தியாசம் அவைக்குத் தெரியாது. 'வேணுமெண்டு உடைச்சுப் பார்ப்பம்' எண்டால், நேரம் வீண் எண்டு பதில் வரும்.

மௌனம் சம்மதம் எண்டு சொல்லுவினம். மெஷின் விஷயத்தில் அதை நம்பக்கூடாது என்பதுதான் என் கருத்து. அன்று எங்களைக் காப்பாற்றினது அந்தத் தண்ணீர்த் தாரை. 'நான் ஓடுறன், நான் ஓடுறன்' எண்டு அது சொல்லிக்கொண்டே இருந்தது. நிண்டவுடன் ஒரு பிள்ளைக்கே விளங்கிச்சுது. நீங்கள் கட்டும் சிஸ்டத்திலும் இரண்டும் வேணும்: பிழை வந்தால் கத்தும் அலாரம், பிழை இல்லாதபோதும் விடாமல் துடிக்கும் ஹார்ட்பீட்.

இந்தக் கிழமை ஒரு அலர்ட்டை எடுங்கோ. டெஸ்ட் சர்வரில் அதற்கான பிழையை வேணுமெண்டே உண்டாக்குங்கோ. உங்கட போன் அடிக்குதா எண்டு பாருங்கோ. மாமா இப்ப போட்டைத் தண்ணியில் இறக்க முதல் வயரைத் தொட்டுப் பார்க்கிறார். தாரையைப் பார்க்கிற வேலை சின்னவளுக்கு.