முன்பல் உடைந்தால் உடனே ‘கேப்’ போட வேண்டுமா?

முன்பல்லின் ஓரம் துளி உடைந்திருக்கும். வலி இருக்காது, சாப்பிடுவதிலும் சிக்கல் இருக்காது. ஆனால், சிரிக்கும்போது கை தானாகப் போய் வாயை மறைக்கும். குடும்ப போட்டோவில் உதடு மூடியே இருக்கும். பெண் பார்க்க வரும் நாளிலும், இன்டர்வியூ நாளிலும் அந்தச் சின்ன உடைசல் மலையளவு தெரியும். ‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். பல் முழுதாகப் போக வேண்டியதில்லை. ஓரம் போனாலே பலருக்குச் சிரிப்பு போய்விடுகிறது.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பகுதிகளில் இதற்கான காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலையில் பைக் சறுக்கி விழுவது, தொழிற்சாலையில் ஸ்பேனர் நழுவி உதட்டில் படுவது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது, தையல் நூலைப் பல்லால் கடிப்பது, பொங்கல் கரும்பு, தீபாவளி முறுக்கு... பட்டியல் நீளம்.

உடைந்ததும் பலர் நேராகக் கேட்பது, “டாக்டர், ஒரு கேப் போட்டுடுங்க” என்பதுதான். அங்கேதான் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும்.

தேய்த்த பல் திரும்ப வராது

‘கேப்’ என்கிற கிரவுன், பல்லைச் சுற்றிலும் மூடும் உறை. அது உட்கார இடம் வேண்டும் என்பதால், பல்லின் எல்லாப் பக்கங்களிலும் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை தேய்த்து எடுப்பார்கள். பல்லின் மேல் ஓடான எனாமலின் தடிமன், அதிகம் இருக்கும் இடத்திலேயே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அது. ஆனால், அதற்குள் உயிரணுக்கள் இல்லை. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். தேய்த்த எனாமல் மட்டும் மறுபடி வளராது.

வேர் சிகிச்சை செய்த பல்லுக்கும், பெரும்பகுதி சிதைந்துபோன பல்லுக்கும் கேப் தேவைதான். ஓரம் மட்டும் உடைந்த நல்ல பல்லுக்கு அது தேவையா என்பதே கேள்வி. சட்டைக் காலர் கிழிந்ததற்கு யாரும் சட்டையையே வெட்டுவதில்லையே! கிழிந்த இடத்தை மட்டும் சரிசெய்வதுபோல ஒரு வழி பல்லுக்கும் உண்டு. அதுதான் ‘டென்டல் பாண்டிங்’. பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்ற பிசினை, உடைந்த இடத்தில் ஒட்டி, வடிவம் கொடுத்து, மெருகேற்றும் முறை.

பெயின்ட் ஷாப் கற்றுக்கொடுத்த வைத்தியம்

சிப்காட் வளாகத்தில் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும்: இரும்புத் தகட்டில் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் நாளடைவில் உரிந்துவிடும். முதலில் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த கரைசலில் தகட்டைப் பக்குவப்படுத்த வேண்டும். அப்போதுதான் பெயின்ட் பிடித்துக்கொள்ளும்.

பல் மருத்துவத்துக்கு பாண்டிங் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஆராய்ச்சி செய்த மைக்கேல் புனகோர், உலோகத்தில் பெயின்ட் ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகள் பாஸ்பாரிக் ஆசிட் பயன்படுத்துவதைக் கவனித்தார். ‘பல்லிலும் இதைச் செய்தால் என்ன?’ என்று யோசித்தார். 85 சதவிகித ஆசிடை 30 விநாடிகள் எனாமலில் வைத்துக் கழுவியபின் பிசினை ஒட்டியபோது, அது முன்பைவிடப் பல மடங்கு உறுதியாகப் பிடித்தது. 1955-ல் அவர் இதை வெளியிட்டார். அடுத்து, ரஃபேல் போவென் என்ற ஆராய்ச்சியாளர் உறுதியான புதிய பிசின் ஒன்றை உருவாக்கி, 1962-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய காம்போசிட்டுகள் பலவற்றின் அடிப்படை அதுதான்.

“பல்லுக்கு ஆசிடா?” என்று பயப்பட வேண்டாம். இப்போது பயன்படுத்துவது சுமார் 37 சதவிகித ஜெல். வைப்பது 15 முதல் 30 விநாடிகள். கரைவது ஏறக்குறைய 10 மைக்ரான் எனாமல். ஒரு தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு அது. அதனால் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளுக்குள் பிசின் இறங்கி இறுகிக்கொள்கிறது.

நாற்காலியில் என்ன நடக்கும்?

முதலில் நிறம் பார்ப்பார்கள். பல் உலர்ந்தால் இயல்பைவிட வெளுப்பாகத் தெரியும் என்பதால், இதை ஆரம்பத்திலேயே செய்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. லிப்ஸ்டிக் போடாமல் போங்கள்.

அடுத்து, எச்சில் படாமல் பல்லைப் பஞ்சாலோ ரப்பர் ஷீட்டாலோ தனிமைப்படுத்துவார்கள். இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம் இதுதான். ஈரச் சுவரில் சுண்ணாம்பு நிற்காததுபோல, எச்சில் பட்ட இடத்தில் பாண்டிங் நிற்காது. பிறகு ஆசிட் ஜெல், கழுவுதல், ஒட்டுத்திரவம், காம்போசிட் என்று வரிசையாக நடக்கும். காம்போசிட்டை ஒரே உருண்டையாக வைக்காமல், 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் சுமார் 20 விநாடிகள் இறுகவைப்பார்கள். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதுபோல, இந்த ஒளியையும் உற்றுப் பார்க்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் கண்ணாடி எதற்கென்று இப்போது புரியும்.

ஓர உடைசலுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது. ஒரு பல்லுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரே வருகையில் வேலை முடியும்.

யாருக்குப் பொருந்தும்?

சிறிய உடைசல், முன்பற்களுக்கு இடையே சிறு சந்து, வடிவம் சிறுத்த பல், அழுத்தித் துலக்கியதால் ஈறோரம் விழுந்த பள்ளம், சில நிறத்திட்டுகள் ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். செங்கல் பொடி, சாம்பல், கரியால் வருடக்கணக்கில் தேய்த்தவர்களின் பற்களில் அந்தப் பள்ளம் அதிகம் தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களிலும், ஆந்திராவின் சில பகுதிகளிலும் சிறுவயதைக் கழித்தவர்கள் சிலருக்குப் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டுகள் இருக்கும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்ததன் அடையாளம் அது. அந்த ஊர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்தத் திட்டுகளையும் குறைக்கலாம். ஆனால், இப்படிப்பட்ட எனாமலில் ஒட்டுவது சற்று சிரமம் என்பதால், சிறுவயதில் குடித்த தண்ணீர் எந்த ஊருடையது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், நகம் கடிப்பவர்கள், ஈறு வீங்கி ரத்தம் கசிபவர்கள், சொத்தை அப்படியே இருப்பவர்கள் ஆகியோர் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். புகையிலை, பாக்கு மெல்லும் பழக்கம் இருந்தால், ஒட்டிய இடம் சீக்கிரமே பழுப்பேறும். அதைவிட முக்கியம், வாய்ப்புற்றுநோய் ஆபத்து. அழகு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஆசிட் புகையில் வேலையா?

உலோகத்தை ஆசிடில் கழுவுவது, முலாம் பூசுவது, பேட்டரி வேலை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காற்றில் கலக்கும் ஆசிட் புகை, வாய் திறந்து பேசும்போது முன்பற்களில் படும். வருடங்கள் ஓட ஓட, பல்லின் நுனி மெலிந்து, கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தொடங்கும். பிறகு பொடிப்பொடியாக உதிரும். பல் கூச்சம் இதன் முதல் அறிகுறி. இவர்களுக்கு வெறும் பாண்டிங் மட்டும் போதாது. சரியான மாஸ்க்கும், புகையை வெளியே இழுக்கும் வசதியும் இல்லாமல் எத்தனை முறை ஒட்டினாலும், சேதத்தின் காரணம் அப்படியேதான் இருக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பிரஷ் செய்ய வேண்டாம். ஆசிட் பட்டு மென்மையான எனாமலைத் தேய்த்து எடுத்ததுபோல் ஆகிவிடும்.

உடைந்த துண்டைத் தேடுங்கள்

விபத்தில் பல் உடைந்தால், துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துச் செல்லுங்கள். துண்டு நன்றாக இருந்தால், அதையே பாண்டிங் முறையில் திரும்ப ஒட்ட முடியும். நிறமும் வடிவமும் அச்சு அசலாக இருக்கும்.

நிரந்தரப் பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால், அவசரம் இன்னும் அதிகம். வேரைத் தொடாமல், மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேருங்கள். தலையில் அடி, மயக்கம், வாந்தி இருந்தால் முதலில் மருத்துவமனை, பல் அப்புறம்.

வேலை நேரத்தில் நடந்த விபத்தென்றால், தொழிற்சாலையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘பல்லுதானே’ என்று விட்டுவிட்டால், பின்னால் இ.எஸ்.ஐ உதவி கேட்க ஆதாரம் இருக்காது.

எங்கே போவது, என்ன கேட்பது?

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் இரண்டு ஊர்களிலிருந்தும் புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்தால், 1953-ல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான். ஒருநாள் லீவு போட வேண்டியிருக்கும். ஆனால், பல்லின் நிலைமையைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வரலாம்.

தனியார் கிளினிக்குக்குப் போனால் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் பல்லுக்குக் கேப் அவசியமா, பாண்டிங் போதுமா? எவ்வளவு எனாமலைத் தேய்ப்பீர்கள்? ஒரு பல்லுக்கு மொத்தச் செலவு எவ்வளவு? ஓராண்டுக்குள் உதிர்ந்தால் என்ன செய்வீர்கள்?

கருவிகள் சுத்தமாக இருப்பதையும் கவனியுங்கள். 2022-23-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய தொற்றில் 8 பேர் இறந்தார்கள். சலைன் பாட்டிலைச் சுத்திகரிக்காத கருவியால் திறந்ததே காரணமாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். சீல் வைத்த கவரிலிருந்து கருவிகளை எடுக்கிறார்களா என்று பார்ப்பது நோயாளியின் உரிமை. பியூட்டி பார்லரில் பல் வேலை செய்வதாகச் சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். பதிவுபெற்ற பல் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய சிகிச்சை இது.

எத்தனை வருடம் வரும்?

பாண்டிங் ஆயுள் முழுக்க வராது. பராமரிப்பைப் பொறுத்து 3 முதல் 10 ஆண்டுகள் வரை வரலாம். ஆனால், தேய்ந்தாலும் உடைந்தாலும் அந்த இடத்தை மட்டும் திரும்பச் சரிசெய்யலாம். அடியில் உங்கள் சொந்தப் பல் அப்படியே இருக்கும். நாளைக்கு நிஜமாகவே கேப் தேவைப்பட்டால், அந்த வழியும் திறந்தே இருக்கும். முதலிலேயே தேய்த்துவிட்டால் திரும்பி வர வழி இல்லை.

பல்லை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால், அதை முதலில் செய்து, இரண்டு வாரம் கழித்து பாண்டிங் செய்யுங்கள். காம்போசிட் வெளுக்காது. முதல் இரண்டு நாட்கள் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பைத் தவிருங்கள். மென்மையான பிரஷ், காலையும் இரவும் துலக்குதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும். பாட்டில் மூடிக்கு ஓப்பனரும், நூலுக்குக் கத்தரிக்கோலும் இருக்கின்றன. பல்லுக்கு அந்த வேலைகள் வேண்டாம்.