தனி ஆள் கச்சேரி

லூப் வைத்துக் கச்சேரி செய்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. ஒரு வரி பாடுவார், காலால் பெடலை அமுக்குவார், அந்த வரி தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அதன் மேல் இன்னொரு குரல், அதற்கும் மேல் மேசையைத் தட்டி ஒரு தாளம். நாலைந்து அடுக்கு ஏறியதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். பாட்டு எங்கே ஐயா என்றால், இப்போதுதான் உலை வைத்திருக்கிறார் என்பார்கள்.

இந்த அலுப்பைப் போக்கியவர் லண்டன்காரர் ஜேக்கப் காலியர். வீட்டு அறையில் எல்லாக் குரலையும் தானே பாடி, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து, திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து யூடியூபில் போட்டுக்கொண்டிருந்த பையன். 2013-இல் ஸ்டீவி வொண்டர் பாட்டு ஒன்றை அப்படிப் போட்டது இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் வரைக்கும் எட்டியது. அறைக்குள் செய்தது சரி, மேடையில் எப்படி? எம்.ஐ.டி. மீடியா லேபில் இருந்த பென் ப்ளூம்பெர்க் அதற்கு வழி செய்தார். பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று வாத்தியங்கள் சுற்றி நிற்க, ஒவ்வொன்றையும் வாசித்து லூப்பில் சுழலவிட்டபடி நடுவே ஓடியாடும் ஒரே ஆள். கூடவே ஒரு விசித்திரக் கீபோர்டு: வாயால் ஒரு சுரம் பாடிக்கொண்டே விரல் வைத்தால், அமுக்கிய கட்டைகளிலெல்லாம் அவர் குரலே எழும். 2015 ஜூலையில் மான்ட்ரூ ஜாஸ் விழாவில் ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா இருவரும் வாசிப்பதற்கு முன்னால் இதை அரங்கேற்றியபோது அவருக்கு வயது 20.

லூப் கச்சேரிக்கு ஒரு தீராத வியாதி உண்டு. கை சும்மா இருக்கும்போதும் சத்தம் வரும். பின்னால் டேப் ஓடுகிறதோ என்று பின்வரிசைக்காரருக்குத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது. காலியரின் மேடையில் இதற்குப் பதில் வெளிச்சத்தில் இருந்தது. அவர் வாசிப்பதைக் கேமராக்கள் அந்தக் கணமே பிடித்துக்கொள்ள, பாஸின் ஒலி சுழலும்போது பாஸ் வாசித்த உருவமும் பின்திரையில் கூடவே சுழலும். ஆள் டிரம்ஸுக்குப் போய்விட்டார், அவருடைய பிம்பம் இன்னும் பாஸோடு நிற்கிறது! மேடை விளக்கு என்றால் பெரும்பாலும் புகையும் நீல நிறமும்தான் நமக்குப் பழக்கம். இங்கே அது சாட்சி சொல்ல வந்திருந்தது. இதற்குப் பிறகு மற்றவர்களின் லூப் கச்சேரிகளில் வண்ண விளக்குகள் சும்மா மின்னுவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் எந்த விளக்காலும் சரிசெய்ய முடியாது. லூப் சுற்றத் தொடங்கிவிட்டால் காலப்பிரமாணம் இறுகிவிடும். பாட்டு நடுவில் மூச்சு வாங்க முடியாது, ஒரு சொல்லை இழுத்து நிறுத்திக் கெஞ்ச முடியாது. அதனால்தான் அவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் பியானோவில் உட்காரும் இடங்களே எனக்கு அதிகம் பிடித்தவை. வேண்டிய இடத்தில் தயங்குகிறார், வேண்டிய இடத்தில் ஓடுகிறார்.

வீட்டு அறையில் பதிந்த 'இன் மை ரூம்' ஆல்பம் 2016-இல் வந்தது, அடுத்த ஆண்டு இரண்டு கிராமி விருதுகள். அந்த வெற்றியோடு இயந்திர வட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பிற்பாடு குழு சேர்த்துக்கொண்டார், பிறகு கூட்டத்தையே பாட வைத்தார். அரங்கத்தை மூன்றாகப் பிரித்து பகுதிக்கொரு சுரம் கொடுக்கிறார். கை மேலே போனால் அந்தப் பகுதியின் குரல் மேலே போகிறது, கீழே வந்தால் இறங்குகிறது. பெடல் கிடையாது. கையை அப்படியே நிறுத்தினால் ஆயிரக்கணக்கானவர்கள் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் எப்போது நகர்வார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் ஊராக இப்படிப் பதிந்த குரல்களோடுதான் 2024-இல் வந்த 'ஜெஸ்ஸி 4' ஆல்பத்தின் முதல் பாட்டு ஒலிக்கிறது.